வண்டிக்குப் பின்னால்

பிப்ரவரி 4

வகுப்பு நடந்தது. மோட்டாருக்குள் காயில் ஒயர் கோப்பது எப்படி என்று காட்டினேன். வாய் பேசியது, கை செய்தது. கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். சரியாகத்தான் சொல்லியிருப்பேன்.

நல்லம்பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்து குக்கரில் சோறு மட்டும் வைத்தேன். மிக்சி மேடையில் அப்படியே இருக்கிறது. கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று நிர்மலா ஐப்பசியில் சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்றேன். கார்த்திகையில் அவளுக்கு டெங்கு. ஊர் மோட்டாரையெல்லாம் சரிபண்ணக் கற்றுக்கொடுக்கிறவன் வீட்டில் மிக்சி ஓடவில்லை. தேங்காய் வாங்குவதையே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12

பயிற்சி மையத்தில் கூட்டம். படிப்பு முடிந்தவர்களை வேலையில் சேர்ப்பது, அங்கே அவர்கள் நிலைக்கும் வரை அடிக்கடி போய்ப் பார்ப்பது, இரண்டும் என் பொறுப்பு. இந்த முறை எல்லாருக்கும் இடம் கிடைத்துவிட்டது. பாஞ்சாலிக்குத்தான் இல்லை. ஒசூர் கம்பெனிக்குப் போக முடியாது, மகள் எட்டாவது படிக்கிறாள். பக்கத்தில், எரிந்த மோட்டாருக்குக் காயில் சுற்றும் ரீவைண்டிங் கடைகளில் பெண் என்றதுமே சிரிக்கிறார்கள்.

அவள் புருஷன் போர் போடுகிற வண்டியில் வடக்கே வேலைக்குப் போன இடத்தில் இரும்புப் பைப் விழுந்து செத்துப்போனான். அதற்கு அப்புறம் செங்கல் சூளை. கொழுந்தன் கர்நாடகா சூளைக்கு ஆள் ஏற்றுகிறவன். இங்கே வேலை அமையாவிட்டால் மறுபடியும் ஏற்றிவிடுவான். போனால் மகளையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். படிப்பு அதோடு சரி.

காயில் நன்றாகச் சுற்றுகிறாள். ஒயர் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது, முறுக்காது. அதை ஒருநாள் நிர்மலாவிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொண்ணை ஒரு நாள் பார்க்கணும் என்றாள்.

பிப்ரவரி 19

பென்னாகரம். பக்ருதீன் பாய் கடை. டிப்ளமோ முடித்த வருஷம் நான் அங்கேதான் வேலை பழகினேன். பாஞ்சாலிக்காகக் கேட்டேன்.

பொம்பளையாள் சுற்றி நான் பார்த்ததில்லையே என்று இழுத்தார். பிறகு, "நீ வந்தப்ப மட்டும் என்ன தெரியும் ஒனக்கு? ஸ்பேனர் எதுன்னு கேட்டவன்தான" என்றார். வெயில் ஏறினால் மோட்டார் வந்து குவியும், அதுவரை வைத்துப் பார்க்கிறேன், தேறினால் நிரந்தரம் என்று சொல்லிவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டியா என்று இரண்டு தடவை கேட்டார். நிர்மலாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. யாருமே கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

மார்ச் 10

அம்மா போன். கடத்தூரில் ஒரு பெண் இருக்கிறதாம், நர்சிங் படித்ததாம். வருஷம் திரும்பியதும் செய்துவிடலாம், பேச்சை இப்போதே போட்டுவைத்தால் நல்லது என்கிறாள். "ஆம்பளப் பையன் எத்தன நாளு தனியா கெடப்ப?"

ம் என்றேன். எதற்கு ம் என்றேன்?

மார்ச் 24

பாஞ்சாலி முழுக்கத் தன் கையால் சுற்றிய முதல் மோட்டார் இன்று போர்க் குழிக்குள் இறங்கியது. சென்னப்பன் என்பவருடைய தக்காளித் தோட்டம். கடை வண்டியில் நானும் போனேன்.

கேபிள் இணைப்பும் அவள்தான் போட்டாள். டேப் சுற்றி, வாளித் தண்ணீரில் முக்கிச் சோதித்த பிறகுதான் இறக்கவே விட்டாள். பைப் பைப்பாக இறக்கி முடித்தார்கள். சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் எடுக்கும்போது சென்னப்பன் மனைவி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "அந்தப் பொண்ணு நெத்தியில ஒண்ணும் இல்லீங்களே?"

பாஞ்சாலிக்குக் காதில் விழுந்துவிட்டது. யாரும் சொல்லும் முன்னாலேயே எழுந்து, சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். பழகின நடை.

சென்னப்பன் என்னைப் பார்த்து, நீங்களே உங்கள் கையால் சுவிட்ச் போடுங்கள் சார், நல்லா ஓடட்டும் என்றார். போட்டேன்.

தண்ணீர் செம்மண் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. எல்லாரும் கை நனைத்தார்கள். முகம் கழுவினார்கள். அவள் மட்டும் வண்டிக்குப் பின்னால்.

எம் பொண்டாட்டியும் செத்துட்டாதான? எந்நெத்திய யாரும் பாக்கலயே. நான் ஏன் போட்டேன்? யோசிக்கவே இல்ல. போடுன்னாங்க. போட்டேன்.

மார்ச் 25

நேற்று எழுதாமல் விட்டது — திரும்பி வரும்போது பாஞ்சாலி, வூட்டம்மா போட்டோ இருக்கா சார் என்று கேட்டாள். செல்போனில் காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 6

சென்னப்பன் மோட்டார் புகைந்துவிட்டது.

பாய் கூப்பிட்டார், ஓடினேன். கழற்றிப் பார்த்தோம். மூன்று பேஸில் இரண்டு பேஸ் காயில் கரிக்கட்டை. மூன்றாவது, அவள் கோத்த அன்றைக்கு இருந்த மாதிரியே பளிச்சென்று இருக்கிறது. சுற்றியதில் குறை இருந்தால் ஏதோ ஓர் இடத்தில்தான் வெடித்திருக்கும், இப்படி எரியாது. மூன்று பேஸ் கரண்ட் இல்லாத நேரத்தில் சென்னப்பன் கன்டென்சர் மாட்டி இரண்டு பேஸிலேயே ஓட்டியிருக்கிறார், காயில் சூடு தாங்கவில்லை. இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். தக்காளி வாடும்போது கரண்ட் வரும் என்று யார் காத்திருப்பார்கள்.

பாய்க்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. ஆனால் சென்னப்பன் அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம். தாலியறுத்தவள் கைபட்ட மோட்டார் என்று.

"எனக்குத் தெரியாதா அருளு? அத அவருகிட்ட சொன்னா அந்தப் பக்கமிருந்து ஒரு மோட்டாரு வராது. இந்த வாரத்தோட அந்தப் பொண்ண நிறுத்திக்கறேன். தப்பா நெனைக்காத" என்றார் பாய்.

கடையை இரண்டாகத் தடுத்திருந்த திரைக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலி வேறொரு மோட்டாருக்கு ஒயர் கோத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும். கை நிற்கவில்லை.

ஏப்ரல் 8

மறுபடியும் பென்னாகரம் போனேன். சென்னப்பன் வரும் வரை காத்திருந்தேன். எரிந்த மோட்டாரைத் திறந்து வைத்து, இரண்டு பேஸில் ஓட்டினீர்களா என்று கேட்டேன். மறைக்கவில்லை. "எல்லாருந்தான் ஓட்டறாங்க. போன வருசம் பூரா ஓட்டுனேன், ஒண்ணும் ஆவல. இப்ப மட்டும் ஏன் ஆச்சு? படிச்சவரு, நீங்களே சொல்லுங்க."

படித்ததைச் சொன்னேன். காயிலைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். தலையாட்டினார். அப்புறம், அதெல்லாம் சரி, கை ராசின்னு ஒண்ணு இருக்குதில்ல என்றார்.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"சுவிட்சு போட்டது நானுங்க. கார்த்திகையில எம் பொண்டாட்டி செத்துப்போச்சு. நிர்மலான்னு பேரு. கை ராசின்னா எங்கையச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். ஊருக்கு மாமனார் சொன்னார். மையத்துக்கு அண்ணன் போன் பண்ணிச் சொன்னான். நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. செத்துப்போச்சு. அந்த வார்த்தைய இன்னிக்கு ரீவைண்டிங் கடையில, கரி நாத்தத்துல நின்னுட்டுச் சொல்றேன்.

சென்னப்பன் கெட்டவர் இல்லை. முகமே மாறிவிட்டது. தோளைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயசாச்சே, தெரியாமப் போச்சே சாமி என்றார். பிறகு சொன்னார். "ஆம்பளைக்கு அதெல்லாம் ஏது? நீ மனசுல வச்சுக்காத."

எனக்கு ஆறுதல் சொன்னார். பாஞ்சாலிக்குக் கேட்கிற தூரத்தில் நின்று எனக்குச் சொன்னார்.

திரையை விலக்கிக்கொண்டு பாஞ்சாலி வந்தாள். என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. பாயிடம் சொன்னாள். "நான் இனிமே தோட்டத்துப் பக்கம் வரல பாய். உள்ளயே சுத்தறேன். யாரு சுத்துனதுன்னு கேட்டா உங்க பேரச் சொல்லிக்குங்க."

பாய் சென்னப்பனைப் பார்த்தார். கடை உங்களுது, ஆனா என் மோட்டாரை நீங்கதான் சுத்தணும் என்றார் அவர். சுத்தறேன் என்றார் பாய்.

முடிந்தது. அவளுக்கு வேலை இருக்கிறது.

ஏப்ரல் 9

நேற்று பஸ் ஸ்டாண்டில் அவளிடம் கோபமாகத்தான் பேசினேன். நான் அவ்வளவு சொல்லியும் நீங்களே இப்படி விட்டுக்கொடுத்துவிட்டீர்களே என்றேன்.

"நீங்க நியாயம் கேட்டீங்க சார். நான் வேல கேட்டேன்." கொழுந்தன் முந்தின நாளே வந்து மூட்டை கட்டச் சொல்லிவிட்டுப் போனானாம். மகள் புத்தகப் பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாளாம், தூக்கிப் போட்டுவிடுவான் என்று.

பஸ் வந்தது.

பஸ்ஸில் ஏறும்போது திரும்பி, "நிர்மலாங்களா பேரு" என்றாள்.

ஏப்ரல் 15

சென்னப்பன் மோட்டார் ரெடியாகிப் போய்விட்டதாம். தானே சுற்றியதாகச் சொல்லிப் பாய் அனுப்பிவைத்தாராம். பாய்க்குக் கண்ணில் புரை விழுந்து ஒயர் கோக்கவே முடியாது என்பது கடையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

மே 2

தேங்காய் வாங்கினேன். மிக்சி ஓடாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மே 19

அம்மாவிடம் கடத்தூர் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

ஜூன் 4

பாய் கடையில் தோட்ட வேலைக்குப் போகிற மாதையன் காய்ச்சலில் படுத்துவிட்டான். கேபிள் இணைப்புப் போட வேறு ஆள் இல்லை. பாய் முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, ஏறும்மா வண்டியில என்றார் பாஞ்சாலியிடம். நான் இன்று பார்வையிடப் போயிருந்தேன், கூடவே ஏறிக்கொண்டேன். மகள் ஒன்பதாவது போகிறாளாம். வழியில் அதை மட்டும் சொன்னாள்.

ஒகேனக்கல் ரோட்டில் ஒரு சோளக்காடு. இணைப்புப் போட்டாள், முக்கிச் சோதித்தாள், மோட்டார் இறங்கியது. சூடத்தைத் தட்டில் வைக்கும்போதே அவள் இடத்தில் இல்லை. வண்டிக்குப் பின்னால் போய்விட்டாள்.

காட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். வாங்க சார், உங்க கையால போடுங்க என்றார்.

"வேணாங்க. எம் பொண்டாட்டி செத்துப்போச்சு" என்றேன்.

அவரும் அதையேதான் சொன்னார், ஆம்பளைக்கு என்னங்க அதெல்லாம் என்று. இருக்கட்டுங்க என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

என்னைக் கண்டதும் பாஞ்சாலிக்குக் கோபமா என்னவென்று தெரியவில்லை. "நீங்க எதுக்கு சார் இங்க?" என்றாள். பக்கத்தில் போய் நின்றேன். நல்ல வெயில். கொஞ்ச நேரம் கழித்து அவள் நகர்ந்து நிழலில் இடம் விட்டாள்.

அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. யாரோ சுவிட்ச் போட்டார்கள். பைப்புக்குள் காற்று உறுமுகிற சத்தம் கேட்டது. அவள் வண்டிமேல் கையை வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

"வருது சார்" என்றாள்.