காருக்கு ஊற்றிய தண்ணீர்

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை.

காரை ரிப்பேர் பார்ப்பதா, வேறு வாங்குவதா என்று இன்றும் முடிவாகவில்லை. காலையில் மல்லாங்கிணறு தாண்டியதும் மறுபடியும் சூடேறி நின்றுவிட்டது. கட்டி இழுத்து அருப்புக்கோட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் ரேடியேட்டரைத் திறந்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு.

"என்ன தண்ணிண்ணே ஊத்துனீக?"

"வீட்டு போர்த் தண்ணிதான். தினமும் காலைல நானே ஊத்துவேன்."

"எஞ்சின் வரைக்கும் அரிச்சிருச்சுண்ணே. பிரிச்சு வேல பாத்தாலும் எத்தன நாளைக்கு ஓடும்னு சொல்ல முடியாது."

அந்தத் தண்ணீரை நாங்கள் வாயில் வைக்க மாட்டோம். கேன் வாங்கித்தான் குடிக்கிறோம். வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்வதாக நினைத்துப் பதினொரு வருஷம் அதையே ஊற்றியிருக்கிறேன்.

அடுத்த வாரம் திருச்சுழியிலிருந்து மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். அவளை வைத்துக்கொண்டு வெயிலில் நடுரோட்டில் நிற்க முடியுமா? பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன். சாப்பிடும்போது மனைவியிடம், "புதுசே வாங்கிருவோமா?" என்றேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அதுக்கும் நீங்கதான தண்ணி ஊத்துவீக?"

வீட்டுக்கு வந்ததும் வராததுமாய், நாளைக் காலைக்கென்று பழக்கத்தில் நான் போரில் பிடித்து வைத்த குடம், வண்டி இல்லாத கொட்டகையில் தளும்ப நிற்கிறது.