பொடிப் பாக்கெட்டில் அக்காவின் கை

மாப்பிள்ளை,

நீ விற்கும் கழற்சிக்காய்ப் பொடிப் பாக்கெட்டில் உன் அக்காவின் கையைப் போட்டோ பிடித்து அச்சடித்திருக்கிறாய். மார்பு ஆபரேஷனுக்குப் பிறகு நிணநீர் தேங்கி வீங்கிய கை ஒரு பக்கம், வற்றிய கை மறுபக்கம்.

தாராவியில் இருபது வருஷமாக நாட்டு மருந்து விற்கிறேன். கழற்சிக்காயை வீக்கத்துக்கு அரைத்துப் பூசுவார்கள், நானும் விற்கிறேன். ஆனால் இந்த வீக்கம் அதில் வற்றும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று டாக்டர் சொன்னபோது நீயும் நின்றாய். அவள் கை, டாக்டர் சொன்னபடி இறுக்கிச் சுற்றிய துணிக்கட்டில்தான் வற்றியது. நாலு மாதம் தினமும் குர்லாவிலிருந்து வந்து அதைச் சுற்றிவிட்டவனே நீதான்.

நேற்று பக்கத்துச் சந்து பேராச்சி என் கடைக்கு வந்தாள். அவளுக்கும் அதே ஆபரேஷன். உன் பொடியை நம்பிக் கட்டை அவிழ்த்துவிட்டாள். கை சிவந்து, காய்ச்சல் கொதிக்கிறது.

"போட்டோல ஒங்க வீட்டு அக்கா வளையலப் பாத்துத்தான நம்புனேன் அண்ணாச்சி!"

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தேன். உன் அக்கா பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டுத் தடத்தக்கூட போட்டோல அழிச்சிருக்கான், பாருங்க" என்றாள்.

காலையில் அவள் சொன்னதை எழுதுகிறேன், எனக்கும் சம்மதம். வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் நீயே போய், கட்டுதான் வற்ற வைத்தது என்று சொல்லிப் பாக்கெட்டைத் திரும்ப வாங்கு. பேராச்சி மகளுக்குக் கட்டுச் சுற்றக் கற்றுக்கொடு. பேராச்சி கை வற்றும்வரை எங்கள் வீட்டுப் படி ஏறாதே.

உன் அத்தான்