புதுச் சுவரில் எண்ணெய்க் கறைகள்

அனுப்புநர்
பெயின்டரின் மூத்த மகள்,
பத்தாம் வகுப்பு மாணவி.

பெறுநர்
பழங்காலக் கட்டடங்கள் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: பழைய காய்ச்சல் ஆஸ்பத்திரியைக் காபி கடையாக மாற்றும் வேலையை நிறுத்தி, அடைத்த கதவைத் திறக்கக் கோருவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கட்டடத்தில் என் அப்பா பெயின்ட் அடிக்கிறார். பள்ளி விட்டதும் நான் அங்கே போய்ப் பாடம் எழுதிவிட்டு, அவரோடு வீடு திரும்புவது வழக்கம். ஆகவே கீழ்க்கண்டவை நானே நேரில் பார்த்தவை.

2. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் சுவரோரம் இருந்த நீள பெஞ்சைப் பெயர்த்தபோது, அதில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தவர்களின் தலை எண்ணெய்க் கறைகள் வரிசையாகத் தெரிந்தன. அப்பா பிரைமர் அடித்து, மேலே வெள்ளையும் அடித்தார். கறைகள் திரும்ப வந்தன. "எண்ணெய் குடிச்ச சுவரும்மா, துப்பத்தான் செய்யும்" என்றார். இதில் எனக்குப் புகார் இல்லை.

3. இடம் போதாதென்று கூடத்தைப் பின்பக்கம் நீட்டிப் புதுச் சுவர் எழுப்பினார்கள். டாக்டர் அறைக்குப் போகும் கதவைச் செங்கல் வைத்து அடைத்து, அங்கே காபி மெஷினுக்கு மேடை கட்டினார்கள். மறுநாள், யாருமே சாயாத அந்தப் புதுச் சுவரிலும் கறைகள் வந்தன. அதே உயரம், அதே இடைவெளி. ஒன்று மட்டும் தாழ்வாக, குழந்தை உயரத்தில் இருந்தது. "கடை திறக்குறதுக்கு முன்னாடியே கூட்டம் பாரு! முதலாளிக்கு யோகம்தான்" என்றார் மேஸ்திரி. அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

4. செவ்வாய்க்கிழமை வரிசைக் கடைசியில் இன்னொரு கறை வந்தது. மற்றவற்றைவிட உயரத்தில். அப்பா நெட்டை. வாளிகள் மேல் போட்ட பலகையில் உட்கார்ந்து, அங்கேதான் தலை சாய்த்திருந்தார். "போலாமாப்பா?" என்றேன். "இரும்மா, இன்னும் என்னைக் கூப்பிடல" என்றார், அடைத்த செங்கலைப் பார்த்தபடி. ஐயா, பஸ் வரிசையிலேயே சண்டை போடுபவர் அவர். தலைக்கு எண்ணெய் வைப்பதே இல்லை. அன்று கழுத்துவரை வழிந்திருந்தது. நெற்றி கொதித்தது.

5. அன்றும் மறுநாளும் கையைப் பிடித்து இழுத்ததும் வந்தார். நேற்று அதற்கும் வரவில்லை. அம்மா வந்து, "ஊர்ல இல்லாத டாக்டரா இங்க உட்கார்ந்திருக்கான்? எழுந்திரிங்க!" என்று திட்டினார். அப்பா சற்று நகர்ந்து, அம்மாவுக்கும் இடம் விட்டார். நான் அம்மாவின் கையை விடவில்லை.

6. பழைய கதவு எதையும் அடைக்கக் கூடாது என்று தங்கள் அலுவலகம் வாசலில் ஒட்டிய உத்தரவிலேயே உள்ளது. ஆகவே அதைத் திறந்து, காத்திருப்பவர்களுக்கு வழிவிட வேண்டுகிறேன். ஆனால் அதற்கு முன்பாகத் தாங்களே நேரில் வந்து, என் அப்பாவை உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்; பெயரை வாசலில் நான் சொல்கிறேன். வீட்டார் கூப்பிட்டால் அவர் எழுந்திருப்பதில்லை; அதிகாரி கூப்பிட்டால் எழுந்திருப்பார். உள்ளேயிருந்து கூப்பிடுவதற்குள் தாங்கள் வாசலிலிருந்து கூப்பிட்டுவிட வேண்டும் என்று மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: மேற்படி கட்டடத்தின் வாசல்

தாங்கள் வரும்வரை இங்கேயே நிற்கும்,
பெயின்டரின் மூத்த மகள்
(கையொப்பம்)