பெரினாவுக்குப் பெட்ரோல், படகுக்கு டீசல்

ஏப்ரல் 3

எஞ்சின் செத்துவிட்டது. ஈஸ்டர் முடிந்து முதல் தடவையாக இன்று படகை எடுத்தேன். துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் இருமியது, கறுப்பாகத் துப்பியது, நின்றது. துடுப்புப் போட்டுத் திரும்பினேன். கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தொப்பியைக் கழற்றி வணங்கினேன்.

எங்கள் தீவில் படகு எஞ்சின்களுக்கு வைத்தியர் லோவ்ரே அண்ணன்தான். மூடியைத் திறந்து பார்த்தார்.

"இதுக்குப் பேரு எஞ்சின் இல்லடா ரோக்கோ, துரு. உப்புத்தண்ணி உள்ளயே தின்னுருச்சு."

"என்னையும் ஆஸ்பத்திரியில அப்படித்தான் சொன்னாங்க. நான் ஓடலையா?"

அவர் சிரிக்கவில்லை. வேறு எஞ்சின்தான் போட வேண்டுமாம்.

ஏப்ரல் 4

ரத்த அழுத்தம் 140/85. இந்த நோட்டே அதற்குத்தான் வாங்கியது. தினமும் எழுதச் சொன்னாள் நர்ஸ். எழுதி எழுதி இப்போது எல்லாமே எழுதுகிறேன். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த டீச்சர் பார்த்தால் மயங்கி விழுவார்.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த அன்று, சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று என் மனைவி பெரினாவிடம் சொன்னேன். வீட்டில் விட்டேன். சுவர்ப் பூச்சு வேலைக்குப் போகும் இடத்தில் விட்டேன். படகில் விடவில்லை. ஒரு நாளைக்கு நாலு. டீசல் நாற்றத்தில் எது எண்ணெய், எது புகையிலை என்று யார் கண்டார்கள்? என் சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் பெரினா மூக்கைப் பிடித்துக்கொண்டு "டீசல்" என்பாள். "என்ன பண்ண, பழைய எஞ்சின்" என்பேன்.

ஏப்ரல் 8, ஞாயிறு

கீரையும் உருளைக்கிழங்கும், வாட்டிய மத்தி. சாப்பிடும்போது பெரினா சொன்னாள்:

"பெட்ரோல் எஞ்சின் போடேன். அதுல நாத்தமும் இல்லையாம், தடதடப்பும் இல்லையாம். போட்டியானா ஞாயித்துக்கிழமை நானும் வரேன்."

முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை என் படகில் ஏறினாள். பக்கத்து விரிகுடா வரைக்கும் வாந்தி. இறங்கியவள் மலையைச் சுற்றி நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். இருபத்தெட்டு வருடமாக எந்த விருந்திலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை நான். அதற்கப்புறம் இத்தனை வருடமும் அவளில்லாமல்தான் கடலுக்குப் போயிருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும்.

நானும் வரேன் என்கிறாளே!

ஏப்ரல் 9

என் படகுக்கு அடுத்த படகு நிக்ஷாவுடையது. அவனிடம் சொன்னேன்.

"பெட்ரோலா? அது புல்லு வெட்டுற மெஷினுக்குடா. புல்லு வெட்டப் போறியா?"

ஏப்ரல் 11

லோவ்ரேயின் பட்டறைக்குப் போனேன். பெரினாவும் வந்தாள், நான் கூப்பிடவில்லை. நிக்ஷாவும் வந்தான், அவனை யாருமே கூப்பிடவில்லை.

லோவ்ரே நிதானமாக விளக்கினார். என்னுடையது கனமான மரப்படகு, மெதுவாகப் போவது. தண்ணீருக்குள் இருக்கும் பெரிய விசிறியை மெல்லச் சுற்றித் தள்ள டீசல்தான் சரி. பாதி எண்ணெயில் ஓடும், என்னைவிட அதிக நாள் இருக்கும், லேசில் தீப்பிடிக்காது. பெட்ரோல் எஞ்சின் எடை குறைவு, சத்தம் குறைவு, புகையும் இல்லை. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு தடவையும் கிளப்புவதற்கு முன் ஆவியை வெளியே தள்ளும் காற்றாடியை நாலு நிமிடம் ஓட்டி, குனிந்து மோந்து பார்க்க வேண்டும்.

"அப்புறம் ஒண்ணு. படகுல சிகரெட்டே கூடாது. ஒரு பொறி போதும், நீ ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம்."

"அதுக்கென்ன அண்ணே," என்றாள் பெரினா. "இவன்தான் மூணு வருஷமா தொடுறதே இல்லையே."

லோவ்ரே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நிக்ஷா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல" என்றான். ஒரு பொட்டு மேகம் கிடையாது.

ஏப்ரல் 12

டீசலுக்காக வாதாடினேன். செலவு, ஆயுள், பாதுகாப்பு, எதிர்காற்று. சொன்ன அத்தனையும் உண்மை. உண்மையை மட்டுமே சொல்லிப் பொய் பேச முடியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"சரி, டீசலே போடு" என்றாள். கோபமே இல்லை. துணி காயப்போடப் போய்விட்டாள்.

கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 15, ஞாயிறு

சும்மா நிற்கிற படகில் தனியாக உட்கார்ந்து நாலையும் பிடித்தேன். எதற்காக இதை இவ்வளவு கட்டிக் காக்கிறேன்? நாலு சிகரெட். அந்தப் பக்கம் ஒரு பொம்பளை, கூடக் கடலுக்கு வருகிறேன் என்கிறாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது. மூன்று நாளாக யோசிக்கிறேனே.

ஏப்ரல் 18

லோவ்ரேக்கு போன் செய்தேன். பெட்ரோல் என்றேன்.

"படகுக்கு டீசல்தான்டா நல்லது."

"பெரினாவுக்குப் பெட்ரோல்தான் அண்ணே."

"அப்ப சரி" என்றார்.

மே 9

எஞ்சின் ஏறிவிட்டது. வெள்ளையாக, பல் டாக்டர் வீட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது. கிளப்பிவிட்டு, ஓடுகிறதா என்று லோவ்ரேயிடம் கேட்டேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. மிச்சமிருந்த பாக்கெட்டை நிக்ஷாவிடம் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான், கிண்டல் செய்யவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

இன்றோடு விட்டேன்.

மே 11

நாக்கில் மண். சுண்ணாம்புச் சட்டியை உதைத்தேன். ஒரு மனுஷன் சிகரெட்டை விட்டால் ஊரே தோளில் தட்டிக்கொடுக்கும். நான் மூன்று வருடம் முன்பே விட்டவன், என்னை யார் தட்டிக்கொடுப்பார்கள்?

மே 12

சூப்பில் உப்பு இல்லை என்று கத்தினேன். உப்பு இருந்தது.

"என்ன ஆச்சு உனக்கு?"

"தெக்கத்திக் காத்து" என்றேன். இந்தத் தீவில் தெற்குக் காற்றின் மேல் எதை வேண்டுமானாலும் போடலாம். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே இலைகூட அசையவில்லை. "ஆமா, பலமாத்தான் அடிக்குது" என்றாள்.

மே 13, ஞாயிறு

வந்தாள்! தொப்பி, மெத்தை, ரொட்டி, ஒரு பை நிறைய மொச்சைக்காய். காற்றாடியை ஓட்டினேன், நாய் மாதிரி குனிந்து மோந்தேன், கிளப்பினேன். விரிகுடா வரைக்கும் வாந்தி இல்லை. என் பழைய கதைக்கு இனி விருந்தில் வேலை இல்லை.

நங்கூரம் போட்டதும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. மொச்சைப் பையை என் மடியில் வைத்தாள் பெரினா.

"சும்மாதான இருக்க. உரி."

இரண்டு கிலோ உரித்தேன்.

மே 14

மீன் குளிர்ப்பதன அறைக்குப் பின்னால், நிக்ஷாவின் பாக்கெட்டிலிருந்து ஒன்று. பாதிதான். பாதியிலேயே மிதித்தேன். இது கணக்கில் வராது.

மே 15

இன்று ஒன்றும் இல்லை.

மே 27, ஞாயிறு

திரும்பும்போது எதிர்காற்று. எஞ்சின் பன்றி மாதிரி அலறியது, படகு நகரவே மாட்டேன் என்றது. லோவ்ரே சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முக்கால் மணி நேரத்தில் வர வேண்டியது இரண்டு மணி நேரம் ஆனது. பெரினா முழுக்க நனைந்து, தொப்பியையும் கடலுக்குக் கொடுத்துவிட்டாள். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். படகை விட்டு இறங்கும்போது, "அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பணும்" என்றாள்.

ஜூன் 10, ஞாயிறு

மொச்சைக்காய் காலம் முடிந்தது. இப்போது பாதாம் உடைக்கிறேன். ரத்த அழுத்தம் 128/80.

ஜூன் 24, ஞாயிறு

காலையில் கிளம்பும் நேரத்தில் நிக்ஷாவின் மச்சினன் துறையில் நின்றான். ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து விருந்துக்கு வந்தவன், நல்ல மனுஷன். பாக்கெட்டைத் திறந்து என் பக்கம் நீட்டினான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரினா படகிலிருந்தே சொன்னாள்:

"வேணாம்ப்பா. இவன் விட்டு இன்னியோட நாப்பத்தோரு நாள் ஆச்சு."

மூணு வருஷம் என்று திருத்த வாயெடுத்தேன். நிக்ஷா மறுபடி வானத்தைப் பார்த்தான். நான் கயிற்றை அவிழ்த்தேன். கடலில் ஒரு கிலோ பாதாம் உடைத்தேன்.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். மே ஒன்பதிலிருந்து, என் கணக்கில் நாற்பத்தாறு வந்தது. அவள் பதினான்காம் தேதியிலிருந்து, அந்தப் பாதி சிகரெட்டிலிருந்து எண்ணுகிறாள்.

சரி, நாற்பத்தொன்றுதான்.