அன்னவயல் சாலையில் கிடந்த கல்

அனுப்புநர்
வை. செவ்வந்தி (வயது 24),
த/பெ. வைரக்கண்ணு (காலமானார்),
கீழத்தெரு, அன்னவயல் கிராமம்,
குடவாசல் வழி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவாரூர்.

பொருள்: நான் சைக்கிளிலிருந்து விழுந்து காயமடைந்த வழக்கில் திரு. மருதையன் என்பவரின் பெயரை நீக்கப் பரிந்துரைக்கவும், அன்னவயல் ஊர்க் களத்தை மீட்டுத் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. நான் சைக்கிள் பந்தய வீராங்கனை. கோவையில் உள்ள தனியார் அணி ஒன்றில் நான்கு ஆண்டுகளாகச் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டி வருகிறேன். இதைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. ஆஸ்பத்திரிக்கு வந்து என்னிடம் விவரம் கேட்ட காவலர், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரிம்மா, வேலை என்ன பாக்குறீங்க?" என்றார். முதல் தகவல் அறிக்கையில் என் தொழில் 'வீட்டு வேலை' என்று இருக்கிறது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் காலும் கையும்தான் என் உத்தியோகம் என்பதைத் தாங்கள் அறிந்தால்தான் இம்மனுவில் நான் கேட்பதும் கேட்காததும் விளங்கும்.

2. சம்பா அறுவடையில் என் தாயார் காளியம்மாளுக்கு உதவியாக இருக்க விடுப்பில் வந்திருந்தேன். விடுப்பு என்றாலும் பயிற்சியை விட முடியாது. 05.02.2015 அன்று காலை சுமார் ஆறு மணிக்கு எங்கள் ஊர்த் தார்ச்சாலையில் வேகமாக ஓட்டி வந்தேன். நல்ல பனி. எதிரே நெல் அறுக்கும் இயந்திரம் ஒன்று பெரிய விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. அதற்கு வழிவிட்டு இடது ஓரம் ஒதுங்கினேன். அங்கே கிடந்த கல்லில் முன்சக்கரம் மோதித் தூக்கி எறியப்பட்டேன். நினைவு வந்தபோது வாய்க்குள் இரண்டு மூன்று நெல் கிடந்தது. வலி பிறகுதான் வந்தது.

3. எனக்கு ஏற்பட்ட காயங்கள்: வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவு, வலது காறை எலும்பு முறிவு, வலது மணிக்கட்டு முறிவு, முகத்தில் பதினோரு தையல். தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை செய்து தொடையில் மூன்று திருகாணிகளும் தோளில் ஒரு தகடும் வைத்திருக்கிறார்கள். தோளும் மணிக்கட்டும் தேறிவிடும் என்கிறார்கள். தொடைதான் கேள்வி. அந்த எலும்பின் தலைப்பகுதிக்கு மிக மெல்லிய குழாய்களில்தான் ரத்தம் போகிறதாம். முறிவில் அவை அறுந்திருந்தால் எலும்பு சேர்ந்த பிறகும் தலைப்பகுதி மெல்லச் செத்துப்போகும். அது தெரிவதற்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். டாக்டர் படம் போட்டு விளக்கினார். எனக்குப் படம் தேவைப்படவில்லை. நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் நம் வயலுக்கு வந்து சேருமா என்று காத்திருந்து பழகியவர்கள்.

அவர் என்னிடம் மறைக்காமல் சொன்னது இது: "நடப்பீங்க. சைக்கிளும் ஓட்டுவீங்க. பந்தயத்தைப் பத்தி மட்டும் இப்ப என்னைக் கேக்காதீங்க."

ஆடி மாதத்துக்குள் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கலாம் என்று கணக்கு. என் அணியில் டிசம்பர் வரை எனக்கு இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்கு என் அப்பாவின் பழைய சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சங்கிலியைக் கழற்றிவிட்டு, நாளுக்குப் பத்து நிமிடம் பெடலைச் சுற்ற அனுமதி கிடைத்திருக்கிறது. ஒரு நாளில் நூறு கிலோமீட்டர் ஓட்டியவள் வாசலில் நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பதைத் தெருவே வேடிக்கை பார்க்கிறது. அழுகை வருகிறது. பத்து நிமிடத்தை ஒரு நாளும் விட்டதில்லை.

4. விழுந்த இடத்துக்கு அருகில் எங்கள் தெருவைச் சேர்ந்த குத்தகை விவசாயி மருதையன் (வயது 61) அவர்களின் நெல், தார்ப்பாய் போட்டு மூடிக் குவிந்து கிடந்திருக்கிறது. அதை வைத்து, பொதுச்சாலையில் கல்லும் நெல்லும் போட்டுக் கொடுங்காயம் ஏற்படுத்தியதாக இந்திய தண்டனைச் சட்டம் 283, 338 பிரிவுகளின்கீழ் அவர் மீது வழக்குப் பதிவாகியுள்ளது. நான் மயக்க மருந்தின் பிடியில் இருந்தபோது காவலர் என் புகாரைப் படித்துக் காட்டியதற்குத் தலையாட்டியிருக்கிறேன். எதிரி யார் என்று அதில் இருந்ததா, நான் கவனிக்கவில்லையா என்பது இப்போது நினைவில்லை.

பிறகு வீட்டிலும் யாரும் இதை என்னிடம் சொல்லவில்லை. மார்ச் மாதக் கடைசியில் மருதையனின் மனைவி ராமாயி அவர்கள் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்து, நெடுநேரம் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா செவ்வந்தி, நீ படிச்ச புள்ள. கோர்ட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கிட்டுப் போவலாமா?" என்று கேட்டார். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரித்தபோதுதான் மருதையன் மீது வழக்குப் பதிவாகிச் சம்மன் வந்திருப்பதே எனக்குத் தெரிந்தது. வரும் 27-ஆம் தேதி அவர் ஆஜராக வேண்டும்.

5. ஐயா, அந்தக் கல்லை அங்கே போட்டவள் நான். இதை யாருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் நெல் காயவைக்கச் சாலையை விட்டால் வேறு இடமில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். இயந்திரம் அறுத்த நெல் அப்படியே இருபதுக்கு மேல் காட்டும். எனவே எல்லோரும் சாலைக்கு வருகிறோம். சாலையும் எல்லோருக்கும் போதாது. ஆகவே ஒரு வழக்கம் ஏற்பட்டது. மாலையில் நெல்லை அள்ளிய பிறகு, மறுநாளும் காயவைக்க வேண்டியவர் தம் இடத்தின் மூலைகளில் கல்லை விட்டுவிட்டுப் போவார். கல் கிடந்தால் அந்த இடம் அவருடையது. ஒருவர் கல்லை இன்னொருவர் தொடுவதில்லை. பட்டா இல்லாதவர்கள் தார்ச்சாலையில் போட்டுக்கொண்ட பட்டா அது என்று என் அப்பா கேலி செய்வார்.

பிப்ரவரி 4-ஆம் தேதி எங்கள் நெல் பத்தொன்பது காட்டியது. இன்னும் ஒரு வெயில் வேண்டும். தூறல் வரும்போல இருந்ததால் அம்மாவும் நானும் அவசரமாக அள்ளிக் கட்டினோம். நான்கு மூலையிலும் கல்லை வைத்தவள் நானே. சாலையோரம் கிடந்ததில் பெரிய கல்லாகப் பார்த்து, யாரும் நகர்த்திவிடக்கூடாது என்று, வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே தள்ளி வைத்தேன். மறுநாள் காலை அந்தப் பனியிலும் வேகத்திலும் எதிர் விளக்கிலும் அது என் நினைவில் இல்லை. சாலையில் கல் கிடந்தால் சைக்கிள்காரருக்கு என்ன ஆகும் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான்தான். நான்தான் வைத்தேன்.

6. மருதையன் அவர்களுக்கு அது எங்கள் கல் என்பது முதல் நாளே தெரியும். அன்று மாலை எங்களுக்குப் பக்கத்தில் அவர் தம் நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார். காவல் நிலையத்தில் அவர் வாயே திறக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, "அடிபட்டுக் கெடக்குற புள்ள. அது போட்ட கல்லுன்னு என் வாயால எப்புடிச் சொல்லுவேன்?" என்றார். என் தாயாருக்கும் தெரியும். வழக்கு நம் பக்கம் திரும்பினால் மகளின் வேலையும் போய்விடும் என்று பயந்து, "அவரே ஒண்ணும் சொல்லல. நாம எதுக்கு வாயைத் தொறக்கணும்?" என்று இருந்துவிட்டார். பெற்றவள் பயம் அது. அதற்காக நான் வெட்கப்படுகிறேன். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

7. இனி, நாங்கள் ஏன் சாலைக்கு வந்தோம் என்பது. அன்னவயலில் சர்வே எண் 112/4-இல் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலம், அரசு 'அ' பதிவேட்டில் 'களம் புறம்போக்கு' என்று இருக்கிறது. ஊர் முழுவதும் அங்கேதான் அடித்து, தூற்றி, காயவைத்தது. கூலி நெல்லை அளந்ததும் அங்கேதான். அளவில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டதற்காக 1969-இல் எங்கள் தெருவில் பதினான்கு பேர் சிறைக்குப் போனார்கள். திரும்பி வந்து, அதே களத்தில் கூட்டிய அளவை வாங்கினார்கள். அந்த இடத்தை நாங்கள் லேசாக நினைக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

1998-இல் களத்தை ஒட்டி நிலம் வைத்திருக்கும் திரு. பஞ்சநதம் அவர்கள் சுற்றிலும் கம்பி வேலி போட்டார். பிறகு தேக்கு வைத்தார். பிறகு வாடகைக்கு விடும் அறுவடை இயந்திரங்களை நிறுத்தத் தகரக் கொட்டகை போட்டார். ஊரார் ஏழு மனுக்கள் கொடுத்திருக்கிறார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் கொட்டகை மேல் பறக்கும் கொடி மாறியிருக்கிறது. கொட்டகை மாறவில்லை. 'அளந்து எல்லை காட்ட அங்கே எல்லைக்கல் எதுவும் இல்லை' என்பதே மனுக்களுக்குக் கடைசியாகக் கிடைத்த பதில்.

திரு. பஞ்சநதம் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார். "ரோட்டுல நெல்லைக் கொட்டுறவங்களைச் சும்மா விடக்கூடாதும்மா. நானே சாட்சி சொல்றேன்" என்றார். சொன்னபடியே இவ்வழக்கில் அவர் இரண்டாம் சாட்சி. அப்போது நான் அவருக்கு நன்றி சொன்னேன். அதை இப்போது திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை.

8. கடந்த 6-ஆம் தேதி என் சைக்கிளைப் பெற்றுவரக் காவல் நிலையத்துக்குப் போனேன். பின்பக்கம் வேப்பமரத்தடியில் அது கிடந்தது. முன்பக்கம் வளைந்து இனி உதவாது. அதன் மேலேயே கைப்பற்றிய கல்லையும் வைத்திருந்தார்கள். எடுக்கக் குனிந்தேன். "அது கேஸ் கல்லும்மா, தொடாதீங்க" என்றார் காவலர்.

தொடவில்லை. பார்த்தேன். நான் சாலையில் வைத்தபோது அது சேறு அப்பிய வெறும் கல். இடையில் பெய்த மழையில் சேறு கழுவப்பட்டிருந்தது. நான்கு பக்கமும் உளி கொண்டு செதுக்கிய கருங்கல். தலையில் அம்புக்குறி. அதற்குக் கீழே எண்கள். கடைசி எண் உடைந்திருக்கிறது. 112 என்பது தெளிவாகப் படிக்க முடிகிறது.

ஐயா, எங்கள் ஊர் மண்ணில் கல் கிடையாது. எவ்வளவு ஆழம் தோண்டினாலும் களிமண்தான். எங்கள் ஊரில் ஒரு கல் கிடக்கிறதென்றால் யாரோ ஒரு காரியத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவந்தது என்று பொருள். இந்தக் கல்லைச் சர்க்கார் கொண்டுவந்து களத்தின் எல்லையில் நட்டது. வேலி போட்ட ஆண்டில் பிடுங்கி வாய்க்கால் கரையில் வீசியதைப் பார்த்தவர்கள் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மருதையன். அவர்களுடைய வாக்குமூலங்களை இணைத்துள்ளேன். வீசிய கல்லை யாரோ எடுத்துச் சாலையில் இடம் பிடித்தார்கள். பிறகு இன்னொருவர். கடைசியாக நான்.

9. ஆகவே தங்களிடம் நான் கேட்பவை:

(அ) வழக்கு நேரடியாகத் தங்கள் அதிகாரத்தில் இல்லை என்பதை அறிவேன். எனினும் மருதையன் அவர்களின் பெயரை நீக்குமாறு காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு 27-ஆம் தேதிக்கு முன் பரிந்துரைக்க வேண்டுகிறேன். கல்லைப் போட்டதற்கு வழக்கு இருந்தே தீர வேண்டுமென்றால் என் பெயரை எழுதிக்கொள்ளட்டும். அடிபட்டவரும் எதிரியும் ஒரே ஆளாக இருக்கும் வழக்கை எப்படி நடத்துவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் அணிக்கும் நடந்ததை எழுதி அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

(ஆ) காவல் நிலையத்தில் உள்ள கல்லை நில அளவையரைக் கொண்டு பார்வையிடச் செய்து, சர்வே எண் 112/4-ஐ அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, அடுத்த அறுவடைக்கு முன் களத்தை ஊருக்குத் தர வேண்டுகிறேன்.

(இ) வழக்கு முடிந்ததும் அந்தக் கல்லை ஏலத்திலோ குப்பையிலோ போட்டுவிடாமல், அது இருந்த இடத்திலேயே நட்டுத் தர வேண்டுகிறேன்.

10. என் காலைப் பற்றித் தங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அது தேறுவதும் தேறாததும் எனக்கும் டாக்டருக்கும் அந்த மெல்லிய குழாய்களுக்கும் உள்ள விஷயம். காத்திருக்க எனக்குத் தெரியும். ஆனால் வரும் தை மாதமும் களம் இல்லையென்றால், எங்கள் நெல் மறுபடி சாலைக்குத்தான் வரும், கல்லும் வரும். நான் ஓட்ட முடிந்தால் அதே சாலையில்தான் ஓட்டுவேன். வேறு சாலை எங்கள் ஊருக்கு இல்லை.

கல்லை நடும் நாளை ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால் போதும். களம் எங்கள் வீட்டிலிருந்து நானூறு அடி தூரம். அன்று ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வந்து நிற்பேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

வை. செவ்வந்தி
தொழில்: சைக்கிள் ஓட்டுதல்

இடம்: அன்னவயல்
நாள்: 20.04.2015

இணைப்பு: 1. மருத்துவமனைச் சுருக்கம். 2. முதல் தகவல் அறிக்கை நகல். 3. 'அ' பதிவேட்டு நகல். 4. மூவர் வாக்குமூலங்கள். 5. கல்லின் புகைப்படம், காவலர் அனுமதியுடன் எடுத்தது.

குறிப்பு: கையெழுத்து இடது கையால் போடப்பட்டது. பழைய ஆவணங்களில் உள்ளதோடு ஒத்துப்போகாது. வலது கை தேறியதும் ஒருமுறை வந்து சரியாகப் போட்டுத் தருகிறேன்.