மணிக்காரனும் தர்க்கப் பேப்பரும்

ஆகஸ்ட் 4, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மலைமேல் மேகம் உட்கார்ந்திருக்கிறது, இறங்குகிற வழியைக் காணோம். எங்கள் வேங்கிக்கால் பக்கம் தண்ணீர் விடும் நாள். டிரம் நிரப்பியாச்சு.

செய்ய வேண்டியது: துணி. கேஸ் புக் பண்ண. ரிசல்ட் பார்க்க. (பார்த்தாச்சு, வரவில்லை. மறுபடி பார்த்தாச்சு, வரவில்லை.)

எம்.ஏ. தத்துவம், தொலைதூரக் கல்வி. மற்ற பேப்பரெல்லாம் முடிந்து தர்க்கம் மட்டும் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டது. இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. போனால் மொத்தப் பட்டமும் போச்சு. சமண வீட்டுப் பெண் சமணத் தர்க்கத்தில் ஃபெயில்! ‘ஒரு வகையில் உண்டு, ஒரு வகையில் இல்லை’ என்று ஏழு வகை. நாலாவது, ‘சொல்லவே முடியாது’. அதைப் பற்றி நாலு பக்கம் எழுதச் சொல்கிறார்கள்.

சாயங்காலம் ஜினதாஸ் பரண்மேல் இருந்த கேம் பெட்டியை இறக்கினார். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியதாம். “ரிசல்ட்டையே பாத்துக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும். இத ஆடு, இதுலயும் புடிக்கும். ஆனா வேற மாதிரி.”

நல்ல புருஷன்.

ஆகஸ்ட் 5, புதன்

பதினாலு தடவை செத்தேன். ஒரே இடம். இடிந்த கோட்டை, கடைசி வாசல், சங்கிலியில் பெரிய மணியைக் கட்டிச் சுழற்றும் ராட்சசன். மணிக்காரன் என்று பேர் வைத்திருக்கிறோம். அவன்தான் அந்தக் கட்டத்துக்கு பாஸ், பெரிய வில்லன். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சாக வேண்டும், மறுபடி வாசலிலிருந்து நடக்க வேண்டும்.

“ஐயோ செத்துட்டேன்!” என்று கத்தினதில் கீழ் வீட்டு அக்கா படியேறி வந்துவிட்டார். “யாரும்மா செத்தது?”

“நான்தாங்க.”

ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். செத்தவள் எப்படி ‘நான் செத்தேன்’ என்று சொல்வாள்? அப்படியானால் அந்த நான் யார்? இப்படி யோசித்து யோசித்துத்தான் இரண்டு தடவை ஃபெயில்.

ஆகஸ்ட் 6, வியாழன்

செங்கம் ரோடு விடுதி, ரிசப்ஷனில் காலை ட்யூட்டி. ‘நான் என்று ஒன்று கிடையாது’ என அரைமணி நேரம் விளக்கிய வெள்ளைக்காரர், போகும்போது தனக்கு இன்னொரு தலையணை கேட்டார்.

வீட்டில் ஒன்பது சாவு. ஆனால் ஒன்று பிடிபட்டது. முதலில் அவனை அடிக்கவே கூடாது. பார்க்கணும். எப்போது குனிகிறான், எந்தக் கையில் சங்கிலி. பாடத்தில் பூர்வபட்சம் என்பார்களே, எதிராளியின் வாதத்தை அவனைவிட நன்றாக நாம் முதலில் சொல்வது. அதேதான் இது. இவரிடம் சொன்னேன்.

“அப்ப தத்துவமும் கேமும் ஒண்ணுன்றியா?”

ஆமாம் என்றேன். பாத்திரம் கழுவும்போது இல்லை என்று பட்டது. கேமில் செத்தால் திரை கறுத்துப்போகும், தெரிந்துவிடும். தத்துவத்தில் செத்தது தெரியாமலே இன்னும் நாலு பக்கம் நடந்துகொண்டிருப்பேன். இங்கே ஜெயித்தால் மணிக்காரன் போய்விடுவான். அங்கே தோற்றவன் அடுத்த பக்கத்தில் வேறு பேரில் வந்து நிற்பான். அப்புறம் ஏன் இரண்டிலும் ஒரே எரிச்சல், ஒரே ஆசை?

தெரியவில்லை. ரிசல்ட் வரவில்லை.

ஆகஸ்ட் 7, வெள்ளி

கொன்றுவிட்டேன்! மதியம் மூன்றரை. ஆபீஸில் இருந்த இவருக்கு உடனே மெசேஜ்: ‘பாஸ்!! ஒரு வழியா முடிச்சுட்டேன்.’

இவருக்குப் போகவில்லை. வீட்டு குரூப்புக்குப் போயிருக்கிறது. அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, அதனால் அங்கே எல்லாரும் தமிழில்தான் அடிப்போம். கை அப்படியே பழகிவிட்டது. தமிழில் அந்த பாஸும் பரீட்சை பாஸும் ஒரே எழுத்து.

அழிப்பதற்குள் கீழ்பென்னாத்தூரிலிருந்து அப்பாவின் குரல் பதிவு. பின்னால் வேர்க்கடலை உரிக்கும் மெஷின் சத்தம். “எனக்குத் தெரியும்மா. நீ வுட மாட்டன்னு தெரியும்.”

போன் போட்டேன். சொல்லத்தான் போட்டேன். அவர் அதற்குள் கோயிலில் பூஜைக்குச் சொல்லிவிட்டு, தெருவுக்கே கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். “சரிப்பா” என்று வைத்துவிட்டேன்.

அசடு. மகா அசடு.

ஆகஸ்ட் 8, சனி

சொல்லவில்லை. இவர்: “ரிசல்ட் வந்து நெசமாவே பாஸாயிட்டா பிரச்சனையே இல்லயே.” அதுவரைக்கும் நான் சொன்னது பொய்யா? பொய் இல்லை, மணிக்காரனை முடித்தேன். உண்மையா? உண்மையும் இல்லை. இந்த ஒரு கேள்வி வந்திருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன்.

கேம் தொடவில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பௌர்ணமி, மலை சுற்ற வந்த கூட்டம். பஸ்ஸைப் பாதியிலேயே திருப்பிவிட்டார்களாம், அப்பா பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். இருட்டினால் அவர் சாப்பிட மாட்டார், சூரியன் சாய்வதற்குள் சாப்பாடு போட்டேன். அவர் கை கழுவிய பிறகு சொன்னேன். திரையைப் போட்டு மணிக்காரனையே காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

“இத அடிச்சியா, கொன்னியா?”

“கொன்னேன்ப்பா.”

“மனசால செஞ்சாலும் கொலதாம்மா.” கொஞ்சம் கழித்து, “வெள்ளிக்கெழமையே போன்ல சொல்லியிருக்கலாம்ல? கற்கண்ட பாதியிலயாவது நிறுத்தியிருப்பேன்.”

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கூட்டத்தில் பஸ் கிடைக்காது, இருங்கப்பா என்றேன். இருக்கவில்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

மழை. லீவு போட்டேன். அப்பா போன் எடுக்கவில்லை. ‘கொல்லையில இருக்காரு’ என்றாள் அம்மா, மூன்று தடவையும்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

ரிசல்ட். தர்க்கம் 54. பாஸ்.

விடுதி வாசலில் நின்று நாலு தடவை பார்த்தேன். சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அம்மா போனுக்கு அடித்து அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன்.

“அப்பா, பாஸ்.”

“எந்த பாஸு?”

“பரீட்சைப்பா. சத்தியமா.”

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து என் மார்க் ஷீட்டை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நீ சொன்னா சரி என்பார்.

“உன் பரீட்ச நம்பரச் சொல்லு. செல்லு கடையில குடுத்து ரிசல்ட்டப் பாக்கறேன்.”

ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார். கடைசி மூன்றை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.