இடது பக்கத்து சைலன்சர்

மார்ச் 4, செவ்வாய்

ஏழு மாதிரிகள். ஆறில் குளோரின் சரியாக இருந்தது. மூன்றாம் நீரேற்று நிலையத்தில் மட்டும் குறைவு. ஆபரேட்டரிடம் சொன்னேன். "பாத்துக்கலாம் மேடம்" என்றார். போன மாதமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சுற்றறிக்கை வந்திருக்கிறது. மே மாதத்திலிருந்து பரிசோதனைக் கூடத்துக்கு வேன் கிடையாது. தண்ணீர் மாதிரி எடுக்கப் போகிறவர்கள் சொந்த வாகனத்தில் போகவேண்டுமாம். "போகிறவர்கள்" என்று பன்மையில் போட்டிருக்கிறார்கள். போகிறவள் நான் ஒருத்திதான். ஏழு இடத்தில் இரண்டுக்குத் தார் ரோடு இல்லை. ஏரிக்கரை மேல் மூன்று கிலோமீட்டர் சரளைக்கல்.

வீட்டில் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "ம்" என்றார். பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. இடது கை, இடது கால். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டர் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து பார்க்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

நாத்தனார் போன் செய்தாள். ஸ்கூட்டர் வாங்கச் சொல்கிறாள். "இந்த வயசுல எதுக்கு அண்ணி கியர் வண்டி? ஸ்கூட்டர்னா முன்னாடி காய்கறிப் பை வெச்சுக்கலாம்."

சரளையில் அந்தச் சின்னச் சக்கரம் படும் பாட்டைச் சொன்னேன்.

"அப்ப வேலைய விட்டுடுங்க."

எல்லாவற்றுக்கும் அவளிடம் வழி உண்டு.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. உயரம் நூற்று ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் வண்டியில் பழகி லைசென்ஸ் எடுத்தவள். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் பின் சீட். லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்து வந்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று அவர் பேசினார்.

போனில் வண்டிப் படங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மாதான் கேட்டேன், "ஸ்க்ராம்ப்ளர்னா என்னங்க?"

பதினொரு நிமிடம். கடிகாரம் எதிரில் இருந்தது. சாதாரண ரோட்டு வண்டியைக் கொஞ்சம் உயர்த்தி, சைலன்சரை மேலே தூக்கிக் கட்டி, டயரில் கட்டம் கட்டமாகப் பல் வைத்து, ஹேண்டில்பாரை அகலமாக்கினால் ஸ்க்ராம்ப்ளராம். "காட்டுக்கே போறவனுக்கும் ஆகாது, ரோட்டை விட்டே எறங்காதவனுக்கும் ஆகாது. உன்னை மாதிரி பாதிப் பாதிக்குத்தான்." ரெட்ரோ என்றால் உருண்டை ஹெட்லைட், தாழ்ந்த சீட், நிமிர்ந்து உட்காரலாம், உள்ளே இன்ஜின் மட்டும் புதுசு. "பாக்கத் தாத்தா. ஓட்டினா பேரன்."

இந்த எட்டு மாதத்தில் அவர் என்னோடு பேசியதை எல்லாம் கூட்டினால் பதினொரு நிமிடம் வருமா? வராது.

நாளைக்கும் ஒரு கேள்வி வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

"சிசின்னா என்னங்க?" ஒன்பது நிமிடம்.

மார்ச் 14, வெள்ளி

நோட்டு கேட்டார். கோடு போட ஸ்கேலை இடது கையால் அழுத்த வேண்டும். நழுவியது. நான் பிடிக்கப் போனேன். "வேணாம்." மாத்திரை டப்பாவைத் தூக்கி ஸ்கேல் மேல் வைத்தார். கோடு நேராக வந்தது.

எட்டு வண்டிகள். எல்லாம் இருநூற்றைம்பது சிசிக்குள். அதற்கு மேல் போனால் எடை ஏறிவிடும், விழுந்தால் என்னால் தூக்க முடியாது என்கிறார். நான் விழுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சீட் உயரம், எடை, முன் சக்கரம், இன்ஜினுக்கும் தரைக்கும் இடைவெளி. கடைசிப் பத்திக்குத் தலைப்பு "சத்தம்". எட்டுக்கும் மார்க் போட்டிருக்கிறார். ஒன்றையும் நேரில் கேட்டதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பிசியோதெரபி செய்ய வரும் பெண் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, இன்னிக்கு அங்கிள் எங்கூட சண்டை போட்டாரு!" முகமெல்லாம் சிரிப்பு. பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக்கே போதும் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 23, ஞாயிறு

எனக்கு முடிவாகிவிட்டது. நோட்டில் நான்காவது. ஸ்க்ராம்ப்ளர். பச்சை. சரளைக்கு அதுதான்.

வாங்கிவிட்டால் அப்புறம் எதைப் பற்றிப் பேசுவது?

"ஒரே குழப்பமா இருக்குங்க" என்றேன். இன்னொரு அட்டவணை ஆரம்பித்திருக்கிறார்.

மார்ச் 29, சனி

ஷோரூமுக்குத் தனியாகப் போனேன். கூப்பிட்டேன். "நான் வந்து என்ன பண்ணப் போறேன்?" என்றார்.

விற்பனையாளர் என் தலைக்கு மேலே வாசலைப் பார்த்தார். "சாருக்கா மேடம்?"

"எனக்கு."

"சார் பின்னாடி வர்றாரா?"

"எனக்குத்தான்."

"ஓ. அப்ப கலர் காட்டட்டுமா?"

நான்காவது வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். சீட் உயரம் எண்ணூற்றுப் பதினைந்து மில்லிமீட்டர். கால் விரல்கள் மட்டும் தரையைத் தொட்டன. முதல் கியரில் இரண்டு தடவை நின்றது. மூன்றாம் தடவை போனது. வேகத்தடை ஒன்று வந்தது. எப்போது தாண்டினேன் என்று தெரியவில்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தேன் போல. விற்பனையாளரும் சிரித்தார்.

இறங்கிச் சுற்றி வந்து பார்த்தேன். சைலன்சர் இடது பக்கமாக ஏறிப் போகிறது. பின் சீட்டில் உட்காருகிறவரின் காலை ஒட்டி. மேலே ஒரு தகடு இருக்கிறது. தொட்டேன். கையை எடுத்துவிட்டேன். "ஜீன்ஸ் போட்டா சுடாது மேடம்" என்றார்.

போன மாதம் அவர் இடது காலில் வெந்நீர் கொட்டியது. கொட்டியதே அவருக்குத் தெரியாது. சாயந்திரம் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, "நாலாவது வேணாங்க" என்றேன்.

"ஏன், உயரமா?"

"இல்ல."

"வெயிட்டா?"

"இல்ல. சைலன்சர் எடது பக்கம் போகுது. கால் பட்டுடும்."

"உன் கால் முன்னாடில்ல இருக்கும்?"

அவருடைய இடது காலைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் பின்னாடி உக்காருவேன்னு உங்கிட்ட யார் சொன்னா?"

நோட்டை மூடி வைத்தார்.

மார்ச் 30, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

"ம்" மூன்று தடவை. ஒன்று நாத்தனாருக்கு.

ஏப்ரல் 3, வியாழன்

நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? இருபத்திரண்டு வருஷம் நான் உக்காரலையா பின்னாடி? எந்த ஊருக்குப் போனாலும் பாதி அவர் முதுகு, மீதிதானே ஊர் — எனக்கு ஒரு நாளாவது அவமானமா இருந்துச்சா? இருந்துச்சா?

இல்லை. சில சமயம் தூக்கம் வந்தது. அவ்வளவுதான்.

ஆனால் நான் தெரிந்து ஏறி உட்கார்ந்தவள். அவரை ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றிவிட்டேன். மாதிரி பாட்டிலை ஏற்றுவது மாதிரி.

ஏப்ரல் 5, சனி

சொன்னேன். "உங்களக் கேட்டிருக்கணும். கேக்காதது தப்புதான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களுக்காக யோசிக்கலைங்க. வேன்ல டிரைவர் இருந்தாரு. அந்த ஏரிக்கரைல இனிமே நான் தனி. ஒரு வீடு கெடையாது, போன் எடுக்காது. எனக்குப் பயமா இருக்கு."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் எவ்வளவு பயம் என்று எனக்கே தெரிந்தது.

"நீ விழுந்தா என்னால வண்டியத் தூக்கக்கூட முடியாது" என்றார்.

"கத்துறதுக்காவது ஒரு ஆள் இருப்பீங்கல்ல."

உதட்டின் வலது பக்கம் கொஞ்சம் அசைந்தது. அதைச் சிரிப்பில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் நோட்டு சாப்பாட்டு மேஜை மேல் திறந்து கிடந்தது. ஆறாவது வண்டியைச் சுற்றி வட்டம். ரெட்ரோ. சீட் எழுநூற்று எண்பது. சைலன்சர் வலது பக்கம், தாழ்வாக. பக்கத்தில் எழுதியிருக்கிறார்: "டயரை மட்டும் பல் டயராக மாற்றினால் சரளைக்குப் போதும்."

அடுத்த பக்கத்தில் ஒரு படம். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பி, அதன் நுனியில் வளைந்த ஒரு தகடு. குதிகால் நழுவாமல் இருக்க. நீளம், அகலம், வளைவு எல்லாம் மில்லிமீட்டரில். கீழே: "இடது. செருப்பு ஒன்பதாம் நம்பர்."

படத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"வெல்டிங் கடைல குடு" என்று உள்ளேயிருந்து குரல். "ஓரத்தை நல்லா ராவச் சொல்லு. குத்தினா எனக்குத் தெரியாது."

"சரிங்க."

"அப்புறம், நாள் முழுக்க மில்லிலிட்டர்ல அளக்கறவளுக்கு சிசியும் அதேதான்னு தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சுமா ஒம்பது நிமிஷம் சொன்னீங்க?"

"நீ கேட்டியே."

ஏப்ரல் 19, சனி

வண்டி வந்தது. சாம்பல் நிறம். வாசலில் நிறுத்தி வைத்திருந்தபோதே நானும் வண்டியும் சேர்ந்து சாய்ந்துவிட்டோம். முழங்கையில் சிராய்ப்பு. வண்டிக்கு ஒன்றும் இல்லை. அவர் நோட்டில் தேதி போட்டு ஏதோ எழுதினார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு வாரம் தனியாக ஓட்டிவிட்டேன். டாக்டரிடமும் கேட்டாயிற்று. அரை மணி நேரம் போகலாம், ஹெல்மெட் அவசியம் என்றார்.

வண்டியை வாசல் படியை ஒட்டி நிறுத்தினேன். படியும் சீட்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். முதலில் உட்கார்ந்தார். பிறகு இடது காலை வலது கையால் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். குதிகால் தகட்டில் சரியாக உட்கார்ந்தது. ஏறி முடிக்கப் பதினான்கு நிமிடம். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பார்த்தார். அந்தச் செடிக்கு இன்னும் நான்கு நாளைக்குத் தண்ணீர் தேவைப்படாது.

போனது இரண்டு கிலோமீட்டர். "கியர மாத்து" என்று இருபத்து மூன்று தடவை சொன்னார். அதில் நான்கு நியாயமானவை.

மே 6, செவ்வாய்

ஏழு மாதிரிகள். ஏழிலும் குளோரின் சரி.

தூரமான ஐந்தை நான் தனியாக முடித்துவிட்டு வந்து அவரை ஏற்றிக்கொண்டேன். ஏரிக்கரையில் இரண்டாம் கியரிலேயே போனோம். விழவில்லை. நான் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போது அவர் வண்டியிலேயே உட்கார்ந்து ஏரியைப் பார்த்தார். வண்டியில் ஏறியதிலிருந்து பேசவே இல்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கேட்கவில்லை.

திரும்பும்போது பெரிய சிக்னலில் சிவப்பு. பக்கத்தில் ஒரு வாலிபன் வந்து நின்றான். வண்டியை மேலும் கீழும் பார்த்து, "இது எப்படிக்கா இருக்கு? நான் ஸ்க்ராம்ப்ளர் எடுக்கலாமான்னு பாக்கறேன்" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "மொதல்ல உன் ரோடு எப்படின்னு சொல்லு தம்பி." அவன் சொன்னான். இவர் சீட் உயரத்திலிருந்து ஆரம்பித்தார்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இவர் இன்னும் முன் சக்கரத்துக்கே வரவில்லை.

நான் வண்டியை எடுக்கவில்லை.